போன் வீட்டில், ஆள் களத்தில்: கிராமத்தில் கைபேசியை வைத்துத் தொடர்பு தடமறிவது எப்படி

2020 செப்டம்பர். அந்த வருஷம் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டதால் எங்கள் பக்கம் குறுவை நிறையப் போட்டிருந்தார்கள். அறுவடையாகி நெல் வண்டி வண்டியாகக் கொள்முதல் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் உள்ள ஊர்களுக்கு நான் சுகாதார ஆய்வாளர். மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவருக்குக் கொரோனா உறுதி என்று சனிக்கிழமை காலை தகவல் வந்தது. போன் பண்ணினேன்.

“யாரோடயும் பழகல சார். வீட்டுலதான் இருந்தேன். வேணும்னா போனைப் பாருங்க.”

பார்த்தோம். அவர் போனில் கூகுள் மேப்ஸ் போய்வந்த இடங்களைக் குறித்து வைத்திருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை முதல் மதியம் வரை வீட்டைத்தான் காட்டியது. கூட வந்த இளைஞர் ஒருவர், “சரியாத்தான் சார் சொல்றார்” என்று எழுதி முடிக்கப் போனார். அப்போது உள்ளேயிருந்து அவர் மகள், “அந்த நேரம் போன் எங்கிட்ட இருக்கும் சார், ஆன்லைன் கிளாஸ்” என்றாள். ஒன்பதாவது படிக்கிற பெண். போன் வீட்டில் இருந்தது. அப்பா களத்தில் இருந்தார்.

அன்று மாலைக்குள் அதே போனை வைத்தே அவரோடு பழகிய 27 பேரைக் கண்டுபிடித்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். கொரோனா அலை ஓய்ந்துவிட்டாலும் காசநோய், தட்டம்மை, தொண்டை அடைப்பான், வாந்திபேதி என்று தொடர்பு எடுக்க வேண்டிய, அதாவது நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை எங்களுக்கு எப்போதும் உண்டு. புதிதாகப் பணிக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, “எந்த ஆப் போடணும் சார்?” என்பதுதான். ஆப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

போனை எடுப்பதற்கு முன்னால்

எந்த நோய், எத்தனை நாள் பின்னே போக வேண்டும், பக்கத்தில் இருந்தவர் என்று யாரைச் சொல்வது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பேசினால் ஒரு மணி நேரம் கதை கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள்.

கொரோனாவுக்கு, அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து இரண்டு நாள் பின்னே போனோம். எங்கள் அண்ணனுக்குச் செவ்வாய் இரவு காய்ச்சல். ஆக ஞாயிறு முதல் அவர் தனியாகப் படுக்கப் போன நேரம் வரை எண்ண வேண்டும். தட்டம்மை என்றால் உடம்பில் தடிப்பு தெரிந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு தொடங்கி நான்கு நாள் பின்பு வரை. அது காற்றில் நிற்கும் நோய் என்பதால் பள்ளி வேனில் கூட வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கணக்கு. தடுப்பூசி போடாத பிள்ளை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு. அதனால் தட்டம்மையில் முதல் போனை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காசநோய்க்கு மூன்று மாதம் பின்னே போக வேண்டும். ஒரே வீட்டில் தூங்கியவர், ஒரே கடையில், ஒரே பட்டறையில் பகல் முழுக்க அடைந்து இருந்தவர் யார் என்று பார்ப்போம்.

சில நோய்க்கு ஆளைத் தேடுவதே தப்பு. எலிக்காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில், சேற்றில் இறங்குவதால் வருகிறது. நடவுக்குப் போன இருவருக்கு வந்தால் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று அர்த்தமில்லை, இருவரும் ஒரே வயலில் இறங்கியிருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி “யாரோட இருந்தீங்க” அல்ல, “எந்த வயலு, எந்த வாய்க்கா”.

முதல் அழைப்பு

இந்த வேலையில் பாதி இதுதான். நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். நடவுக்கோ களையெடுக்கவோ போகும் பெண்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். போன் சாப்பாட்டுப் பையில் வரப்பு மேல் இருக்கும். மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டால் வீட்டில் இருப்பார்கள், ஆற அமரப் பேசுவார்கள். மீன்பிடிக்கப் போகிறவர், இரவில் லாரி ஓட்டுகிறவர் எல்லோருக்கும் நேரம் வேறு. நான் எண்ணுக்குப் பக்கத்திலேயே “கூப்பிட ஏற்ற நேரம்” என்று எழுதி வைப்பேன்.

தெரியாத எண்ணிலிருந்து பேசி ஓ.டி.பி. வாங்கிப் பணத்தை உருவும் கூட்டத்தால் ஜனங்கள் பயந்து போயிருக்கிறார்கள். பயப்படுவது நியாயம். அதனால் முதல் வாக்கியத்திலேயே யார், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு, “ஆதார் நம்பர், பேங்க், ஓ.டி.பி. எதுவும் நான் கேக்கமாட்டேன். சந்தேகம் இருந்தா உங்க ஊரு நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க” என்பேன். பாதிப் பேர் நிஜமாகவே நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். அதற்கான அவகாசத்தைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். சாப்பிட முடிகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, வீட்டில் மாட்டைப் பார்க்க ஆள் உண்டா. மூச்சு வாங்குகிறது என்றால் தொடர்பு விசாரணையை அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பெயர் பட்டியல் காத்திருக்கும்.

நோயாளியிடம் “எதுக்குப் போனீங்க” என்று கேட்காதீர்கள். இது என் பத்து வருஷப் பாடம். சாராயக் கடைக்குப் போனது, சீட்டு விளையாடினது, கடன் கேட்கப் போனது, பிரிந்திருக்கும் மகள் வீட்டுக்குப் போனது இதெல்லாம் வீட்டில் யாரும் இருக்கும்போது வாயில் வராது. “எதுக்குன்னு எனக்கு வேண்டாம்ண்ணே. பக்கத்துல யாரு இருந்தா, அதை மட்டும் சொல்லுங்க. தனியா இருக்கும்போது நீங்களே கூப்பிட்டுச் சொன்னாலும் சரி” என்று சொல்லிப் பாருங்கள். அன்றிரவு ஒன்பதரை மணிக்கு அந்த மூட்டை தூக்கும் அண்ணன் தானாகவே கூப்பிட்டு நான்கு பேர் சொன்னார். நால்வரில் இருவருக்குப் பிறகு காய்ச்சல் வந்தது.

பெண்களுக்குப் போன் போனால் பல வீடுகளில் எடுப்பது கணவரோ மாமியாரோதான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சுற்றி நிற்பார்கள். அந்த மாதிரி வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் அக்கா பேசட்டும், இல்லை நேரில் போகட்டும். கர்ப்பிணிப் பதிவு, குழந்தைத் தடுப்பூசி என்று அவர் ஏற்கெனவே அந்த அடுப்படி வரை போகிறவர். நமக்குக் கிடைக்காத பெயர் அவருக்குக் கிடைக்கும்.

தொடர்பில் இருந்தவரைக் கூப்பிடும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும். “யாருக்கு சார் வந்திருக்கு?”

“சொல்லமாட்டேன்ண்ணே. அவங்க பேரை உங்ககிட்ட சொல்றவன், நாளைக்கு உங்க பேரையும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன்ல?”

இதற்கு மேல் யாரும் என்னிடம் வற்புறுத்தியதில்லை. ஊகித்துக்கொள்வார்கள், அது வேறு. நம் வாயால் வரக்கூடாது.

போனைக் கொண்டு நினைவைக் கிளறுவது

“கடந்த அஞ்சு நாளா எங்க எங்க போனீங்க” என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் அவர் கையிலேயே அவருடைய நாட்குறிப்பு இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லுங்கள். திறப்பதும் படிப்பதும் அவர்தான். போனை நாம் வாங்கிப் பார்க்கக் கூடாது. கேட்காமல் எதையும் போட்டோ எடுக்கக் கூடாது.

முதலில் அழைப்புப் பட்டியல். “ஞாயித்துக்கிழமைக்கு மேல யார் யார் பேசியிருக்காங்க, ஒண்ணொண்ணா சொல்லிட்டே வாங்கண்ணே.” போனில் பேசினால் நோய் தொற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேசியது எதற்கு? வரச் சொல்ல, போகச் சொல்ல. எங்கள் அண்ணன் போனில் ஞாயிறு காலை ஒரு மினிலாரி ஓட்டுநரிடமிருந்து மூன்று அழைப்பு. “ஆமா சார், நெல் ஏத்தப் போனோம். நான், டிரைவர், இன்னும் ரெண்டு பேரு, கேபின்லயே உக்காந்து போனோம்.” மழைத் தூறல், கண்ணாடி ஏற்றியிருந்தது, முக்கால் மணி நேரப் பயணம். அந்த மூன்று பேர்தான் பட்டியலில் முதலில் ஏறினார்கள்.

அடுத்து பணம் அனுப்பிய கணக்கு. ஜிபே, போன்பே எதுவானாலும் தேதி, நேரம், கடைப் பெயரோடு வரிசையாக இருக்கும். தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், நேரமும் இடமும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் போட்டது, மருந்துக்கடை, முடிவெட்டியது எல்லாம் நிற்கும். முடிவெட்டும் கடை முக்கியம். அரை மணி நேரம் முகத்துக்கு முகம், சிறிய அறை.

அப்புறம் போட்டோக்கள். திங்கட்கிழமை மாலை அவர் போனில் இருந்த படங்கள் ஒரு வளைகாப்பு. அவர் அதை அடியோடு மறந்திருந்தார். “அட, தங்கச்சி மக வளைகாப்பு சார்!” ஒரு படத்தில் வலது ஓரம் நின்றது யார், பந்தியில் எதிரே யார் என்று படத்தை வைத்தே எண்ணினோம். ஒன்பது பேர்.

கல்யாணம், காதுகுத்து என்றால் இன்னொரு பெரிய ஆவணம் இருக்கிறது. மொய் நோட்டு. வந்தவர் பெயர், ஊர், இன்னார் மகன் என்று நாம் எந்தப் படிவத்திலும் வாங்க முடியாத அளவுக்குச் சுத்தமாக எழுதியிருக்கும். தொகை தெரியாதபடி அந்தப் பத்தியைத் தாளால் மறைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் வாசிக்கச் சொல்வேன். இப்படிக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். மொய் எழுதாமல் வந்து சமைத்தவர், பந்தி பரிமாறியவர், மேளம் வாசித்தவர், வீடியோ எடுத்தவர் விடுபடுவார்கள். அவர்களைத் தனியாகக் கேளுங்கள். கருமாதிக்கு வந்தவர்கள் இதில் வரமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், பல ஊர்களில் அதற்கும் நோட்டு உண்டு.

வேலைக் கூட்டத்துக்கு வேறு வழி. நடவுக்கும் களைக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக் குட்டியானையில் ஏற்றிப் போகிற அக்கா ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். எந்த நாள் எந்த ஊர், யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு கூலி என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஒருவருடைய எண் உங்கள் போனில் இருந்தால் பத்து அழைப்பு மிச்சம். ஒவ்வொரு ஊரிலும் இப்படி மூன்று நான்கு பேரின் எண்ணை நோய் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றுகிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், டீக்கடைக்காரர், நூறு நாள் வேலை பணித்தள பொறுப்பாளர். இதைச் செய்துவைத்த ஊரில் வேலை பாதி.

கொள்முதல் நிலையத்தில் நாங்கள் முதலில் தடுமாறினோம். நெல் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பதால் விவசாயிகள் இரண்டு மூன்று நாள் அங்கேயே காயவைத்துக் காத்திருப்பார்கள். நாலைந்து ஊர்க்காரர்கள். எல்லோரும் தொடர்பா? திறந்தவெளியில் பத்தடி தள்ளி நெல் கிண்டியவரை நாங்கள் எடுக்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், ஒரே தார்ப்பாயின் கீழ் படுத்தவர்கள், இவர்களை எடுத்தோம். இவ்வளவு தூரத்துக்குள், இவ்வளவு நேரத்துக்கு மேல் என்று எங்களுக்கு ஒரு அளவு கொடுத்திருந்தார்கள். அளவை அப்படியே கேட்டால் யாருக்கும் தெரியாது. “கையை நீட்டினா தொடுற தூரமா? ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரமா, சோறு சாப்பிட்டு முடிக்கிற நேரமா?” என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

கூகுள் மேப்ஸின் பயண வரலாற்றைக் கடைசியில் பாருங்கள். சொன்னதைச் சரிபார்க்க உதவும். இப்போது அது பெரும்பாலும் அவரவர் போனிலேயே தங்குகிறது, அவர் திறந்தால்தான் தெரியும். அதைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி, “பகல்ல இந்தப் போன் யார்கிட்ட இருக்கும்?”

எழுதி வைப்பது

டவர் இல்லாத இடத்தில் நின்றுபோகும் படிவம் வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஓரமும் வேதாரண்யம் பக்கமும் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓ.டி.கே. கலெக்ட், கோபோ கலெக்ட் என்ற இரண்டு ஆப்பும் இணையம் இல்லாமலே படிவத்தை நிரப்பிப் போனில் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். இலவசம், தமிழிலும் கேள்விகளை அமைக்கலாம். தொடர்புத் தடத்துக்கென்றே உலக சுகாதார நிறுவனம் ‘கோ.டேட்டா’ என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. அதில் யாரிடமிருந்து யாருக்கு என்ற சங்கிலியைப் படமாகவே பார்க்கலாம். உங்கள் அலுவலகம் எதைக் கொடுக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். சொந்தமாக ஒரு ஆப் இறக்கி அதில் ஜனங்களின் பெயரைப் போடாதீர்கள்.

படிவத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஊருக்கு ஏற்ற மாற்றம் தேவை. எங்கள் ஒரு ஊரில் மட்டும் ஆர். ராஜேந்திரன் நான்கு பேர். அதனால் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், தெரு, ஊரில் கூப்பிடும் பெயர் நான்கும் வேண்டும். கூப்பிடும் பெயர் சிலருக்குக் கேலியாக வைத்தது. அவர் முன்னால் வாசிக்காதீர்கள், ஆளை அடையாளம் காண மட்டும் போதும்.

போன் எண்ணுக்கு அடுத்த கட்டம் “இது யாருடைய போன்”. இதை விட்டுவிட்டால் பாதிப் பட்டியல் வீணாகும். ஒரு பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் எடுத்தார். ரேஷன் கார்டு, கேஸ் எல்லாவற்றுக்கும் அந்த எண்தானாம். அவரே, “நான் ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன்ல அம்மாகூட பேசுவேன் சார், கேட்டுச் சொல்றேன்” என்றார். பதினான்கு நாளும் எட்டேகாலுக்குச் செய்தி அனுப்பினார். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கம் இதே எண் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும்.

பிறகு கடைசியாகச் சந்தித்த தேதி. கண்காணிப்பு முடியும் நாளை நீங்கள் விரல்விட்டு எண்ண வேண்டாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ அந்தத் தேதிக் கட்டத்தோடு 14 கூட்டச் சொல்லிவிட்டால் அதுவே போடும். 2020-இல் கொரோனாவுக்கு 14, தட்டம்மைக்கு 21 என்று நோய்க்கேற்ப எண் மாறும். தேதியை மட்டும் நாள், மாதம், வருஷம் என்ற ஒரே வரிசையில் போடுங்கள். சில போன்களில் மாதம் முன்னால் வரும். 3/9 என்பது செப்டம்பர் 3-ஆ, மார்ச் 9-ஆ என்று தெரியாமல் இரண்டு பேரை நாங்கள் தவறவிட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்.

மாலையில் ஒரு வேலை உண்டு. போனில் எத்தனை பதிவு, மேலே போய்ச் சேர்ந்தது எத்தனை, இரண்டும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லாமல் கிட்டத்தட்ட 16,000 நோயாளிகளின் விவரம் பல நாள் பட்டியலில் ஏறாமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போனது. அவ்வளவு பெரிய நாட்டில் நடந்தது 40 பேர் கொண்ட நம் பட்டியலிலும் நடக்கும். நான் இன்றும் ஒரு நீளவாட்டு நோட்டில் பெயரும் எண்ணும் மட்டும் எழுதுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயலில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் எல்லோர் போனும் செத்துக் கிடந்தபோது எங்களைக் காப்பாற்றியது நோட்டுதான்.

ஆப் பற்றி

2020 மார்ச்சில் சிங்கப்பூர் ‘ட்ரேஸ்டுகெதர்’ என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி நம் ‘ஆரோக்கிய சேது’ வந்தது. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து மே மாதம் ஒரு முறையைக் கொடுத்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை புளூடூத். பக்கத்தில் வரும் இரண்டு போன்கள் அடையாள எண்களைப் பரிமாறிக்கொண்டு குறித்து வைக்கும். பின்னால் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் மற்றவருக்குத் தகவல் போகும். நல்ல யோசனை. பேருந்தில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரை இப்படித்தான் பிடிக்க முடியும். நாம் எவ்வளவு கேட்டாலும் அவர் பெயர் கிடைக்காது.

ஆனால் இருவரிடமும் ஸ்மார்ட்போன் வேண்டும், இருவரும் அதைப் போட்டிருக்க வேண்டும், புளூடூத் திறந்திருக்க வேண்டும். என் பகுதியில் பட்டன் போன் வைத்திருந்தவர்கள் ஏராளம். போன் இருந்தாலும் வரப்பில் ஒரே பைக்குள் ஆறு போன்கள் நான்கு மணி நேரம் ஒட்டிக் கிடக்கும், உடையவர்கள் ஆறு பேரும் வயலின் ஆறு மூலையில் இருப்பார்கள். கீற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருக்கும் இரண்டு குடும்பங்கள் சந்தித்தே இருக்காது, புளூடூத் தடுப்பைத் தாண்டிப் போகும். எங்களுக்கு அது கூடுதல் துப்பு, அவ்வளவுதான். இருந்தால் பார்த்தோம்.

வரைபடம்

வாந்திபேதி என்றால் போனை வரைபடமாகப் பயன்படுத்துங்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது டெல்டா முழுக்க எங்கள் எல்லோருக்கும் கண் தண்ணீர்க் குழாய் மேல்தான் இருந்தது. நோயாளி வீட்டு வாசலில், வெளியே வந்து நின்று ஜி.பி.எஸ். புள்ளி எடுங்கள். ஓட்டு வீட்டுக்குள் நின்று எடுத்தால் இரண்டு வீடு தள்ளிக் காட்டும். துல்லியம் பத்து மீட்டருக்குள் வரும்வரை ஒரு நிமிஷம் பொறுங்கள். அப்புறம் மேல்நிலைத் தொட்டி, கைபம்பு, தெருக்குழாய், குழாய் சாக்கடையைக் கடக்கும் இடம், உடைப்பு தெரிகிற இடம் எல்லாவற்றுக்கும் வேறு நிறத்தில் புள்ளி. மாலையில் திறந்தால் நோயாளிகள் கீழத்தெருவில் ஒரு வால்வுக்குக் கீழேதான் இருக்கிறார்கள் என்பது கண்ணில் அடிக்கும். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காகிதத்தில் செய்த அதே காரியம். நமக்குக் கால் மணி நேரம் ஆகிறது. இங்கே கேள்வி, “கடந்த அஞ்சு நாள்ல எந்தத் தண்ணி குடிச்சீங்க, வெளியில எங்க சாப்பிட்டீங்க.” நோயாளி வீட்டுப் புள்ளி உள்ள படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். புள்ளியும் பெயர் மாதிரிதான்.

வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்

2020 ஆகஸ்டில் நான் ஒரு தப்பு செய்தேன். அவசரம் என்று ஒரு ஊர்ப் பட்டியலைப் போட்டோ எடுத்து எங்கள் வேலைக் குழுவில் போட்டேன். பெயர், தெரு, எண் எல்லாம் தெரிகிற படம். குழுவில் இருந்த யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் இன்னொருவருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் அது ஊர்க் குழுவுக்குப் போய்விட்டது. மறுநாள் பட்டியலில் இருந்த ஒரு குடும்பத்துக்குப் பால் வரவில்லை. வாசலில் வைத்த குடத்தை யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். சோதனை முடிவில் அவர்களில் யாருக்கும் நோய் இல்லை.

நான் போய் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி, “நீ கேட்டப்ப நம்பித்தானேய்யா சொன்னோம்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கடுத்த மூன்று வாரம் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் “யாரோடயும் பழகல” என்ற ஒரே பதில்தான் வந்தது. சிங்கப்பூரிலும் ட்ரேஸ்டுகெதர் தகவலைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை எடுக்க முடியும் என்று 2021 ஜனவரியில் தெரிந்தபோது ஜனங்கள் கோபப்பட்டார்கள். எந்தெந்தக் குற்றத்துக்கு மட்டும் எடுக்கலாம் என்று பிறகு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. குழுவில் எண்கள் மட்டும் போகும்: “மேலத்தெரு, 6 பேர், 4 பேர் பேசியாச்சு.” பெயர்ப் பட்டியல் கடவுச்சொல் போட்ட கோப்பில், அல்லது துறை கொடுத்த தளத்தில். என் போனுக்குப் பூட்டு உண்டு, வீட்டில் பிள்ளைகள் விளையாட அதைக் கொடுப்பதில்லை. எண்களை என் சொந்தத் தொடர்புகளில் பெயரோடு சேமிப்பதில்லை. சேமித்தால் அது எந்தெந்த ஆப்புக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. தொற்றுநோய்க் காலத்தில் விவரம் கேட்க 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் நமக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஊர் முழுக்கச் சொல்ல அது அதிகாரம் கொடுக்கவில்லை.

தினமும் கூப்பிடுவது

ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே எண்ணிலிருந்து. இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்றால் அவர்கள் அலுத்துப்போவார்கள். எழுத்துச் செய்தியைவிடக் குரல் பதிவு நல்லது, படிக்கத் தெரியாதவரும் கேட்பார். பேலன்ஸ் இல்லாதவரிடம், “உடம்புக்கு ஏதாவதுன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க, நான் கூப்பிடுறேன்” என்று சொல்லி வையுங்கள். இரவு பதினோரு மணிக்கும் வரும். எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த முறை கொடுக்கமாட்டார்கள்.

இரண்டு நாள் தொடர்ந்து எடுக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் சைக்கிளோ பைக்கோ எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், சீருடை இல்லாமல். வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்று சொல்வதற்கு முன், கூலி இல்லாமல் அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். 27 பேரில் ஒருவர் ஆறாம் நாள் நாற்றுப் பறிக்கப் போய்விட்டார். திட்டிப் பிரயோசனம் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள். ஊராட்சித் தலைவரிடம் சொல்லி மளிகை போனதும் அவர் நின்றுவிட்டார்.

கடைசி நாளன்றும் கூப்பிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், வேலை முடிந்தது என்று. அவர்கள் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். “முடிஞ்சிடுச்சுக்கா, இனி வேலைக்குப் போகலாம். யாராவது கேட்டா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க” என்று சொன்னால் போதும். அப்படி நான்கு பேர் எனக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், “அந்த அக்காவை நடவுக்குக் கூப்பிடலாமா சார்?” கூப்பிடலாம் என்றேன். அப்புறம் உட்கார்ந்து பட்டியல் மேலே போய்ச் சேர்ந்ததை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, என் போனில் இருந்த படிவங்கள், குரல் பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டிக் கோப்புறையையும் காலி செய்தேன். அதில் முப்பது நாள் வரை கிடக்கும், பலர் மறந்துவிடுவார்கள்.